ஒரே குடும்பத்தில் நான்கு திருமணங்கள்: சட்டம் எதை ஏற்கிறது?

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் வசிக்கும் 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2014ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் தந்தை அப்போது புற்றுநோய் முற்றிய நிலையில் மருத்துவமனையில் இருந்தார். மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்பது அவருடைய ஆசை. திருமணப் பதிவகத்தில் (ஆர்ஓஎம்) முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு 21 நாள் காத்திருக்க, மருத்துவர் சொன்ன கெடு இடம் தரவில்லை. எனவே கட்டிலுக்குப் பக்கத்திலேயே, இரு வீட்டாரும் சூழ்ந்து நிற்க, மஞ்சள் கயிற்றில் தாலி கட்டினார்கள். சலைன் ஊசி குத்தியிருந்த கையாலேயே மாமனார் அட்சதை போட்டாராம். ஒன்பதாம் நாள் அவர் காலமானார். ஓராண்டுக்கு வீட்டில் நல்ல காரியம் கூடாது என்று பதிவைத் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு வேலை மாற்றம், பிள்ளைப்பேறு, மாமியாரின் மூட்டு அறுவைச் சிகிச்சை என்று பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. மகளுக்கு இப்போது ஏழு வயது. குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கணவர் பெயரிலும் மாமியார் பெயரிலும் இருக்கிறது.

சென்ற மாதம் கணவருக்கு நெஞ்சுவலி வந்து அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது, படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதப்போன கை ஒரு நொடி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார். கணவர் வீடு திரும்பியதும் பதிவுப் பேச்சை எடுத்திருக்கிறார். "பதினோரு வருஷம் குடும்பம் நடத்திட்டோம், சட்டப்படியே நாம புருஷன் பெண்டாட்டிதான். இப்பப் போய் ஆர்ஓஎம்ல நின்னா ஊர் என்ன பேசும்?" என்பது கணவரின் பதில். மாமியாரோ, "என் மாமியார் ரெண்டாந்தாரமா வந்தவங்க. எந்த ஆபீசுக்கும் போகல. ஆனா அவங்களுக்குச் சொத்துல பங்கு வந்துச்சே" என்கிறார். வாசகியின் பெற்றோரும் 1983இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவர்களும் எங்கும் பதிவு செய்யவில்லை. இதற்கிடையில் ஊரிலுள்ள உறவினர் ஒருவர், பழைய தேதியிட்டு அங்கே ஒரு சான்றிதழ் 'ஏற்பாடு' செய்து தருவதாகச் சொல்கிறார். கடிதத்தின் கடைசியில், வேறு சேதியாக, நாத்தனார் மகளைப் பற்றியும் நான்கு வரி இருக்கிறது. அதற்கும் பிறகு வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது அடிப்படையில் ஒரே கேள்வி: நான் அவருக்கு மனைவியா, இல்லையா? சட்டம் சொல்லும் விடை கசப்பானது என்பதால் அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் இன்றுவரை திருமணமாகாதவர்கள். உங்கள் பதினோரு ஆண்டு இல்லறம் உண்மையானதா, மதிப்புள்ளதா என்று சட்டம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு நடைமுறை நடந்ததா என்று மட்டுமே அது பார்க்கிறது. இந்தப் பதில் முழுவதும் அவரை 'உங்கள் கணவர்' என்றே எழுதப்போகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் அவர் அதுதான்.

பாட்டிக்குச் செல்லுபடியானது உங்களுக்கு ஏன் ஆகவில்லை

மாமியார் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய மாமியார் 1949இல் மணமுடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் இந்துக்களும் சீனர்களும் அவரவர் வழக்கப்படி செய்துகொண்ட திருமணங்களை, இரண்டாம் தாரம் உட்பட, இங்கிருந்த நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. முதல் மனைவிக்குச் சொல்லாமலேயே இன்னொருத்தியை வீட்டுக்கு அழைத்துவர முடிந்த காலம் அது. 1952இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மாதர் மன்றமும், அதன் முன்னணியில் நின்ற ஷிரின் ஃபோஸ்தார் அம்மையாரும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாகவே, 1961 செப்டம்பர் 15ஆம் தேதி மாதர் சாசனம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம்கள் தங்களுக்குரிய தனிச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். மற்ற அனைவருக்கும் அன்று முதல் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே சட்டம். ஆனால் அந்தச் சாசனம் அதற்கு முன்பு முறையாக நடந்த திருமணங்களை அழிக்கவில்லை. அவற்றைப் பதிவானவையாகவே கருதியது. அதனால்தான் 1978இல் தாத்தா உயில் எழுதாமல் இறந்தபோது இரண்டு பாட்டிகளுக்கும் பங்கு வந்தது. மனைவியர் ஒருவருக்கு மேல் இருந்தால், மனைவிக்குரிய பங்கை அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது.

உங்கள் பெற்றோர் கதை வேறு. இருவரும் அப்போது இந்தியக் குடிமக்கள். திருமணம் நடந்தது தமிழ்நாட்டில். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழகச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் நிறைவேறிவிடும், புரோகிதர் தேவையில்லை. ஒரு திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்திருந்தால், அந்த முறையைச் சிங்கப்பூரும் ஏற்கும். ஆகவே தாலியே இல்லாத உங்கள் அம்மாவின் திருமணம் இங்கே செல்லும்.

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரும், அவரைப் போன்ற பலரும் குழம்புகிறார்கள். இந்தியாவில் இந்துத் திருமணத்துக்கு உயிர் தருவது சடங்கு. பதிவு என்பது நடந்ததற்கான சான்று மட்டுமே. உரிய சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய ஒரு தம்பதிக்குத் திருமணமே நடக்கவில்லை என்று 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை மணமானவர்களாக ஊகித்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே நீதிமன்றங்களுக்கு உண்டு. சிங்கப்பூரில் இது அப்படியே தலைகீழ். 1967 ஜூன் 2ஆம் தேதிக்குப் பிறகு இங்கே நடக்கும் திருமணம், முறையான திருமண உரிமத்தின் பேரில், பதிவாளரோ உரிமம் பெற்ற திருமண அதிகாரியோ நடத்திவைத்தால்தான் செல்லும். கோயிலில் ஆயிரம் பேர் முன்னிலையில் கட்டினாலும், மருத்துவமனைக் கட்டிலருகே கட்டினாலும், அந்த உரிமமும் அந்த அதிகாரியும் இல்லையென்றால் சட்டத்தில் அது திருமணம் ஆகாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்துவிட்டால் தானாகவே கணவன் மனைவி ஆகிவிடுவோம் என்ற விதி இங்கே இல்லை.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களைப் போன்ற அவசரநிலைகளுக்காகவே, 21 நாள் காத்திருப்பைத் தவிர்க்கும் சிறப்பு உரிமம் என்ற வழி சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்தால், நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். நோயாளியின் ஆசைக்காக அவசரமாக மணமுடிக்கும் குடும்பங்களை நான் அவ்வப்போது பார்க்கிறேன். ஆகவே இதைப் படிக்கும் மற்றவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படியே விட்டால் என்ன ஆகும்

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நெஞ்சுவலி ஒருமுறை வந்துவிட்டது. கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது.

உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்தால், சட்டப்படி அவருக்கு மனைவி இல்லை. வாரிசுரிமைச் சட்டத்தில் 'பிள்ளை' என்ற சொல் சட்டப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையையும் தத்தெடுத்த பிள்ளையையும்தான் குறிக்கும் என்பதால், உங்கள் மகளும் அந்தக் கணக்கில் வரமாட்டாள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருப்பது, நீங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டதால் பதியப்பட்டது. அது தந்தை யார் என்பதைக் காட்டுமே தவிர வாரிசுரிமையைத் தந்துவிடாது. எனவே அவருடைய சொத்து முழுவதும் அவருடைய அம்மாவுக்குப் போகும். மசேநி (மத்திய சேமநிதி) சேமிப்புக்கு அவர் யாரையும் நியமிக்கவில்லை என்றால், அதுவும் இதே வரிசைப்படிதான் பகிரப்படும்.

இருவரும் பிரிய நேர்ந்தால், மகளுக்குப் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை உங்களுக்கு இப்போதே இருக்கிறது. பெற்றோர் மணமானவர்களா என்பதைப் பாராமல் பிள்ளையைக் காப்பாற்றும் கடமையை மாதர் சாசனம் இருவர்மீதும் சுமத்துகிறது. ஆனால் உங்களுக்கென்று பராமரிப்போ, மணவிலக்கின்போது குடும்பச் சொத்தைப் பிரித்துத் தரும் நீதிமன்ற ஆணையோ கேட்க முடியாது. பதினோரு ஆண்டு நீங்கள் கட்டிய மின்கட்டணம், சமையலறைப் புதுப்பிப்புக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொண்டு தனியாகச் சொத்து வழக்கு நடத்த வேண்டியிருக்கும். வீவக வீடுகளில் அந்தப் பாதை இன்னும் குறுகலானது.

எழுதவே மனம் வராத ஒன்றும் உண்டு. நாளைக்கு அவர் வேறொரு பெண்ணைப் பதிவகத்தில் மணந்தால், அது இருதார மணம் ஆகாது. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் அல்ல என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆயினும் அவருடைய நல்ல குணம் ஒன்றை மட்டுமே நம்பி நீங்களும் மகளும் நிற்கிறீர்கள் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஊர் பேசும் என்ற தயக்கத்தைவிட அது அவருக்குப் பெரிதாகப் படும் என்று நம்புகிறேன்.

பதிவு செய்வது எப்படி

உறவினர் சொல்லும் பழைய தேதிச் சான்றிதழை மனத்தாலும் நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதியப்படுபவை அந்த மாநிலத்தில் நடந்த திருமணங்கள். சிங்கப்பூர் மருத்துவமனையில் நடந்ததை அங்கே நடந்ததாகக் காட்டினால் அது பொய் ஆவணம். அதை இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் நீட்டினால் நீங்கள் இருவருமே குற்றவாளிகள் ஆவீர்கள். குற்றமே செய்யாத ஒரு குடும்பம் குற்றத்துக்குள் நுழைய வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

நேரான வழி எளியது. இணையத்தில் பதிவகத்துக்கு முன்னறிவிப்புக் கொடுங்கள். 21 நாள் கழித்து ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். உரிமம் பெற்ற அதிகாரி ஒருவரை அழையுங்கள். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் போதும். பதிவகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் வரவேற்பறையிலேயே நடத்தலாம். திருமணம் அந்தத் தேதியிலிருந்துதான் செல்லும். 2014க்கு அதைப் பின்தேதியிட முடியாது. விண்ணப்பத்தில் உங்கள் நிலை 'திருமணமாகாதவர்' என்று உண்மையாகவே சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் பேனாவை எடுத்தார், வைத்தார், கழுத்துச் சரட்டைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார், மறுபடியும் பேனாவை எடுத்தார். "பேரப்பிள்ளை எடுத்தவளை இப்படி எழுதச் சொல்றீங்களே" என்றார். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அந்தப் படிவம் கேட்பது சிங்கப்பூர்ப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை மட்டுமே. நீங்கள் யாருடன், எப்படி வாழ்ந்தீர்கள் என்று அது கேட்கவில்லை. அவர் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் இருவரும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள்.

மகளைப் பற்றிய உங்கள் அச்சமும் தேவையற்றது. பதிவு செய்தால் அவள் 'மணத்துக்கு வெளியே பிறந்தவள்' என்று வெளிப்பட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டால், தந்தை அந்த நாளில் சிங்கப்பூரை நிரந்தர வாழிடமாகக் கொண்டவராக இருக்கும்பட்சத்தில், அந்தத் திருமணமே பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளை ஆக்கிவிடுகிறது. இன்று சட்டம் அவளுக்குத் தராத இடத்தை நீங்கள் இடும் கையெழுத்து தரும்.

பதிவுக்குப் பிறகும் மீதமிருக்கும் வேலை

பதிவு முடிந்தால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். திருமணம் ஆனதும், அதற்கு முன் எழுதிய உயிலும் மசேநி நியமனமும் ரத்தாகிவிடும். இரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். உயில் இல்லாவிட்டால் இனி அவர் சொத்தில் பாதி உங்களுக்கும் பாதி மகளுக்கும் போகும். மாமியாருக்கு ஒன்றும் வராது. மாமியார் இதை வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அவருடைய எதிர்ப்புக்குக் கீழே இந்தப் பயம் இருக்கலாம். அது நியாயமான பயம். வயதான தாய்க்கும் இடம் வைத்து உயில் எழுதுவோம் என்று கணவர் அவரிடம் முன்கூட்டியே சொன்னால், பாதிப் பிரச்சினை பேச்சிலேயே கரைந்துவிடும்.

வீட்டைப் பொறுத்தவரை, தாயும் மகனும் கூட்டாக முழு வீட்டுக்கும் உரிமையாளர்களாக இருக்கிறார்களா, தனித்தனிப் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னது என்றால், ஒருவர் இறந்ததும் வீடு முழுவதும் மற்றவருக்கே போய்விடும். நீங்கள் பதிவு செய்த மனைவியாக இருந்தாலும், உயிலே எழுதியிருந்தாலும் அது மாறாது. மனைவியான பிறகு உங்கள் பெயரைச் சேர்ப்பது பற்றி வீவகவிடம் விசாரிக்கலாம். சுயநினைவு தவறினால் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தையும் இருவரும் எழுதிவிடுங்கள். இதற்குத் திருமணம்கூடத் தேவையில்லை. அடுத்த வாரமே செய்யலாம்.

நாத்தனார் மகளிடம் உடனே பேசுங்கள்

கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய நான்கு வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. 25 வயதுப் பெண். பிடிஓ (முன்பதிவின் பேரில் வீவக கட்டித்தரும்) வீட்டுக்காகச் சென்ற ஆண்டு ஆர்ஓஎம் முடித்தாயிற்று. தாலி வருகிற தை மாதம். இருவரும் அவரவர் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். இப்போது மனம் ஒப்பவில்லை. குடும்பமோ, "தாலியா கட்டியாச்சு? வெறும் பேப்பர்தானே, கிழிச்சுப் போட்டுட்டு வேற இடம் பார்க்கலாம்" என்கிறது.

அந்தப் பெண் முழுமையாகத் திருமணமானவர். பதினோரு ஆண்டு இல்லறம் நடத்திய நீங்கள் சட்டத்தில் மனைவி இல்லை. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத அவர் மனைவி. இந்தத் திருமணத்தை நீதிமன்றம் முடித்துவைக்காமல் அவர் வேறொருவரை மணந்தால், எந்த நாட்டில், எந்தக் கோயிலில் மணந்தாலும், அந்த இரண்டாம் திருமணம் செல்லாது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள இருதாரக் குற்றச்சாட்டுக்கும் வழிவகுக்கும்.

மணவிலக்கு கேட்கத் திருமணமாகி மூன்று ஆண்டு நிறைய வேண்டும். விதிவிலக்கான துன்பமோ மறுதரப்பின் விதிவிலக்கான கொடுமையோ இருந்தால் மட்டுமே முன்னதாக அனுமதி கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் இருவரும் மனமொத்துக் கேட்கும் மணவிலக்கு வந்திருந்தாலும் இந்த மூன்றாண்டு நிபந்தனை அப்படியே நிற்கிறது. மற்றொரு வழி, இல்லற உறவு தொடங்கவே இல்லை என்ற அடிப்படையில் திருமணத்தை ரத்து செய்யக் கோருவது. இதற்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டாம். வழக்கமுறைச் சடங்கு முடிந்த பிறகே சேர்ந்து வாழ்வது என்று ஒத்துக்கொண்டு பதிவு செய்த ஒரு சீனத் தம்பதியின் வழக்கில், அத்தகைய உடன்பாடு பொதுநலனுக்கு முரணானது அல்ல என்று 1993இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களின் 'முதலில் ஆர்ஓஎம், பிறகு கல்யாணம்' என்ற வழக்கத்துக்கும் அந்தச் சிந்தனை பொருந்தும். ஆனால் சத்தியப் பிரமாணத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஒரு தரப்பு வேண்டுமென்றே மறுத்தது என்பதைக் காட்ட வேண்டும். முன்பதிவு செய்த வீட்டையும் இது பாதிக்கும். இருவரும் கோபத்தில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்வதற்கு முன், அந்தப் பெண் குடும்பச் சட்டம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரை நேரில் சந்திக்கட்டும். வசதி குறைவென்றால் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். கடிதத்தில் அடைப்புக்குறிக்குள், வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டதுபோல ஒரு கேள்வி இருந்தது: பதிவு செய்யும் நாளில் தாலியை மறுபடியும் கட்ட வேண்டுமா? தேவையில்லை. சட்டம் தாலியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. மாமனார் அட்சதை போட்ட அந்தக் கயிற்றை நீங்கள் எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அங்கேயே இருக்கட்டும், உங்கள் திருமண நாளையும் இதுவரை கொண்டாடிய தேதியிலேயே கொண்டாடுங்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவராக மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். அன்று கட்டிலருகே நின்று பார்த்தவர் அவர்தான். அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.